வீட்டுத் தோட்டத்தில் ஊடுருவும் பூச்செடிகள்

அழகுக்காகவோ வேலிக்காகவோ வேற்று நிலத்திலிருந்து கொண்டுவந்து நட்ட ஒரு செடி, நட்டவர் கையை விட்டு நழுவித் தானாகப் பெருகி, அக்கம்பக்கத்துக் காட்டையும் குளத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் பிடித்துக்கொண்டால் அதை ஊடுருவும் தாவரம் என்பார்கள். வெளியூரிலிருந்து வந்த செடி எல்லாமே இந்தக் கணக்கில் சேராது. மாலைக்கும் ஆயுதபூசைக்கும் வாங்கும் செண்டுமல்லி மெக்சிகோப் பக்கத்தது. நம் கொல்லையில் நிற்கும் அடுக்குச் செம்பருத்தி பெரும்பாலும் விதையே கட்டுவதில்லை. போத்து வெட்டி நட்டால்தான் அடுத்த செடி. இவை பல தலைமுறையாக இங்கே இருக்கின்றன, பாத்தியைத் தாண்டிப் போய் ஒரு காட்டையும் அழித்ததில்லை. ஆபத்து வேறு ஒரு சிறு கூட்டத்திடமிருந்து வருகிறது. அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி நர்சரி வாசல் வழியாகத்தான் ஊருக்குள் நுழைந்திருக்கிறது.

ஐபிபிஇஎஸ் எனப்படும் பல்லுயிர் குறித்த பன்னாட்டு அறிவியல் அமைப்பு 2023 செப்டம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. மனிதர்கள் இடம்பெயர்த்த உயிரினங்கள் 37,000-க்கு மேல். அவற்றில் 3,500-க்கு மேற்பட்டவை தீங்கு செய்பவை. 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகுக்கு ஏற்பட்ட இழப்பு 42,300 கோடி டாலருக்கு மேல். இந்தத் தீங்கு செய்யும் கூட்டத்தில் உலகின் மிக அதிக இடங்களில் பரவியது எது என்ற கேள்விக்கு அந்த அறிக்கை தரும் விடை ஆகாயத்தாமரை. இரண்டாவது உண்ணிச்செடி. மூன்றாவது இடத்தில்தான் எலி வருகிறது. கப்பலேறி உலகம் சுற்றிய கறுப்பெலியைவிட, மனிதர்கள் ஆசைப்பட்டு வளர்த்த இரண்டு பூச்செடிகள் அதிக தூரம் போயிருக்கின்றன.

புது வீடு கட்டிக் குடியேறியவர்களுக்கு முதல் ஆண்டு தோட்டம் என்பது செங்கல் துண்டும் சிமெண்ட் பாலும் கலந்த வெறும் மண்தான். சுற்றுச்சுவர் மொட்டையாகத் தெரியும். எதையாவது நட்டுச் சீக்கிரம் பச்சையாக்கிவிட வேண்டும் என்ற அவசரம் எல்லார்க்கும் உண்டு. நர்சரியிலும் அந்த அவசரத்துக்கு ஏற்ற செடியைத்தான் எடுத்து வைப்பார்கள். “இது வேகமா வரும் சார், தண்ணி அதிகம் வேண்டாம், ஆடு மாடு கடிக்காது, பூச்சி அடிக்காது, வருசம் பூரா பூக்கும், ஒடிச்சு வச்சாலே பிடிச்சுக்கும்.” விற்பவர் பொய் சொல்லவில்லை. சொல்வது அத்தனையும் உண்மை. ஆனால் தாவரவியலாளர் ஒருவர் ஒரு செடி காட்டுக்குள் ஊடுருவுமா என்று சோதிக்கும்போது தேடும் குணங்களும் இவையேதான். வேகம், வறட்சி தாங்குதல், கால்நடை ஒதுக்குதல், நீண்ட பூக்காலம், துண்டிலிருந்து முளைத்தல். எந்தச் செடியை ‘கவலையே இல்லாத செடி’ என்று புகழ்ந்து கொடுக்கிறார்களோ அதைப் பற்றித்தான் வாங்குபவர் கூடுதலாக விசாரிக்க வேண்டும்.

உண்ணிச்செடி

தமிழ்நாட்டில் உண்ணிச்செடி, இலங்கையில் நாயுண்ணி. தாவரவியல் பெயர் லாண்டானா கமாரா. ஒரு பூங்கொத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது ஏன் உலகத் தோட்டக்காரர்களை மயக்கியது என்று புரியும். நடுவில் சதுர மொட்டுகள். அவற்றைச் சுற்றி அன்று விரிந்த மஞ்சள் பூக்கள். வெளி வட்டத்தில் முந்தைய நாள்களின் இளஞ்சிவப்புப் பூக்கள். தேன் இருப்பது மஞ்சளில். மகரந்தச் சேர்க்கை முடிந்த பூ நிறம் மாறிக்கொண்டு கொத்தின் பகட்டுக்காக ஓரத்தில் நிற்கிறது. வண்ணத்துப்பூச்சி தூரத்திலிருந்து முழுக் கொத்தையும் பார்த்து வருகிறது, வந்தபின் மஞ்சளில் மட்டும் உறிஞ்சுகிறது. தண்டு நாலு பட்டையாக முள்ளோடு இருக்கும். இலையைக் கசக்கினால் ஒரு காரமான நெடி.

வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்த இந்தச் செடியை 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுக்காரர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கண்ணாடி வீடுகளில் பலவற்றைக் கலந்து, நிறத்துக்கு ஒன்றாக நூற்றுக்கணக்கான ரகங்களை உண்டாக்கினார்கள். அப்படிக் கலந்த செடிதான் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரவியல் பூங்காவுக்கு வந்தது. இலங்கையில் 1826-இல் தாவரவியல் பூங்கா வழியாகவே நுழைந்தது. வந்த வேலை வேலி கட்டுவதும் பூப்பதும். ஒரு செடி ஓராண்டில் 12,000 வரை பழம் பிடிக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பச்சையாக இருந்து மினுமினுப்பான கருநீலமாகப் பழுக்கும் அந்தச் சிறு பழங்களைச் சின்னானும் மைனாவும் தின்று, விதையைக் காடெல்லாம் போட்டன.

2020-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் புலிகள் வாழும் நிலப்பரப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் உண்ணிச்செடி பரவியிருக்கிறது என்று சொன்னது. பரப்பளவு ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். தமிழ்நாடு முழுவதுமே 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் சாலையோரம் வண்டியை நிறுத்திப் பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தேவைப்படாது. மரங்களுக்குக் கீழே புல் இருக்க வேண்டிய இடத்தில் ஆள் உயரத்துக்கு இந்தப் புதர்தான் நிற்கிறது. மானுக்கும் காட்டெருமைக்கும் யானைக்கும் மேய்ச்சல் குறைகிறது. இலையைத் தின்ற மாட்டுக்கு ஈரல் கெட்டு மஞ்சள் காமாலை வரும். வெயில் பட்ட இடத்தில் தோல் உரியும். அதற்குக் காரணம் இலையிலுள்ள லாண்டடீன் என்ற நஞ்சு.

பிடுங்கிய உண்ணிக் குச்சியைப் பயனுள்ளதாக்கிய கதையும் உண்டு. மாதேஸ்வரன் மலையில் சோளகர்கள் மூங்கிலுக்குப் பதிலாக இதை வேகவைத்து, பட்டை உரித்து, நாற்காலியும் கூடையும் பின்னுகிறார்கள். கூடலூர்ப் பக்கம் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் சமூகக் கலைஞர்கள் உண்ணிக் குச்சியால் முழு உருவ யானைகளைச் செய்தார்கள். அந்த யானைகள் 2021-இல் லண்டன் பூங்காக்களில் மந்தையாக நிறுத்தி வைக்கப்பட்டன. காட்டு யானையின் மேய்ச்சலைப் பறித்த செடியிலிருந்தே யானையைச் செய்து காட்டியது அருமையான செய்கை. ஆனால் நாற்காலியும் சிலையும் தீர்க்கும் அளவைவிட, காட்டில் நிற்கும் உண்ணி எத்தனையோ மடங்கு அதிகம். இன்றைக்கும் நர்சரிகளில் அதன் குட்டை ரகங்கள் பட்டாம்பூச்சிச் செடி என்ற பெயரில் கறுப்புக் கவரில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன.

பட்டாம்பூச்சி விஷயத்தை இங்கேயே சொல்லிவிடலாம். தேன் குடிக்க உண்ணிப் பூவுக்கு அவை வருவது உண்மை. முட்டையிட வேறு செடியைத்தான் தேடிப் போகின்றன. கறிவேப்பிலையில் அழகி வகை வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள், எருக்கில் வெந்தய வரியன், ஆவாரையில் வெள்ளையும் மஞ்சளுமான கொன்னை வெள்ளையன்கள். பட்டாம்பூச்சி வேண்டும் என்று நினைப்பவர்கள் நட வேண்டியது இந்தச் செடிகளைத்தான்.

ஆகாயத்தாமரை

ஊதா நிறப் பூ. மேல் இதழில் மயில் கண்போல ஒரு மஞ்சள் பொட்டு. இலைக்காம்பு காற்றடைத்த உருண்டையாக இருப்பதால் செடி மூழ்காது. அமேசான் படுகையிலிருந்து வந்த இந்த மிதவைச் செடியை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு அழகுச்செடியாகக் கொண்டுவந்தார்கள். சில ஆண்டுகளிலேயே, 1909-இல், அதை ஒழிக்கத் தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. வங்காளத்தில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நுழைந்து, ஆற்றுப் போக்குவரத்தையும் நெல் வயல்களையும் முடக்கிப்போட்டது. 1936-இல் அங்கும் ஒரு சட்டம். சட்டம் போட்ட இரண்டு இடங்களிலும் செடி இன்றுவரை இருக்கிறது.

தாய்ச்செடியிலிருந்து ஒரு கொடி நீண்டு, அதன் நுனியில் குட்டி பிறக்கும். குட்டி தனியே பிய்ந்து மிதந்துபோகும். வெதுவெதுப்பான, சாக்கடை கலந்த நீராக இருந்தால் இரண்டு வாரத்துக்குள் எண்ணிக்கை இரட்டிப்பாகிவிடும். அடியில் வெளிச்சம் போகாது, நீரில் உயிர்வளி குறையும், மீன் சாகும். ஆகாயத்தாமரை, நீர்முட்டைக்கோஸ் போன்ற மிதவைச் செடிகளின் வேரில் குழலைச் செருகி மூச்சு வாங்கிக்கொண்டு வளரும் மேன்சோனியா கொசு, யானைக்கால் நோயின் ஒரு வகையைப் பரப்புகிறது. விதை சேற்றில் விழுந்தால் 20 ஆண்டுவரைகூட முளைக்கும் திறனோடு கிடக்கும்.

மாடித் தோட்டத்தில் ஒரு சிமெண்ட் தொட்டி, அதில் நாலு செடி, கீழே கப்பி மீன். இதில் என்ன கெடுதல் வந்துவிடும் என்று தோன்றும். தொட்டியில் இருக்கும்வரை பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் இரண்டே மாதத்தில் தொட்டி நிரம்பும். நிரம்பியதை அள்ளி எங்கேயோ போட வேண்டும். அந்த ‘எங்கேயோ’ பல வீடுகளில் பக்கத்து வாய்க்கால். வடகிழக்குப் பருவமழையில் அந்த வாய்க்கால் ஏரிக்குப் போகிறது. சென்னையின் அடையாறும் கூவமும், மதுரையில் வைகையும் பச்சைப் பாய் விரித்தாற்போல் கிடப்பதில் வீட்டுத் தொட்டிகளுக்கும் பங்கு இருக்கக்கூடும். தொட்டிக்குப் பூ வேண்டுமென்றால் அல்லியும் நீல நெய்தலும் இருக்கின்றன. கிழங்கைச் சேற்றில் புதைத்துவிட்டால் கிழங்கு வைத்த இடத்தில்தான் நிற்கும்.

பெயர்க் குழப்பம்

நர்சரிச் சீட்டில் எழுதியிருக்கும் பெயரை நம்பி வாங்குவதில் ஒரு பெரிய இடர் உண்டு. மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் கையில் தருவது வெடேலியா என்னும் வேறு செடி. நாட்டு மருத்துவத்தில் சொல்லும் மஞ்சள் கரிசாலை இந்த நிலத்தின் செடி. வெடேலியா, மெக்சிகோவும் கரீபியத் தீவுகளும் சேர்ந்த பகுதியிலிருந்து வந்தது. உலகின் மோசமான 100 ஊடுருவும் உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தொகுத்த பட்டியலில் இடம்பெற்றது. இரண்டுக்கும் மஞ்சள் பூ, இரண்டும் தரையில் படரும். வேறுபாடு இலையில். நாட்டுச் செடியின் இலை ஈட்டி போல நீண்டு, சொரசொரப்பாக, பிளவில்லாமல் இருக்கும். வெடேலியாவின் இலை பளபளப்பாக, இருபுறமும் தோள்போல் துருத்தி, மூன்று மடலாகத் தெரியும். அதன் அறிவியல் பெயரான ட்ரைலோபாட்டா என்பதற்கே மூன்று மடல் என்றுதான் பொருள். கணு தரையைத் தொட்ட இடமெல்லாம் வேர் விடும். ஒரு கணு உள்ள துண்டு ஈர மண்ணில் கிடந்தால் போதும். புல்வெளிக்குப் பதிலாகச் சாலை நடுவிலும் குடியிருப்பு வளாகங்களிலும் இதை நட்டு, மழைநீர்க் கால்வாய் ஓரமெல்லாம் அது இறங்கியிருப்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம். மருந்தென்று நினைத்து வெடேலியா இலையைக் கீரையில் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள் என்பது தனிக் கவலை.

கொன்றையிலும் இதே குழப்பம். சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்ற அமெரிக்க மரத்தை, பூ மஞ்சளாக இருப்பதால், கொன்றை என்றே விற்றிருக்கிறார்கள். வயநாட்டில் நிழலுக்கும் அழகுக்கும் நட்ட இந்த மரம் முத்தங்காக் காட்டுக்குள் பரவி, எல்லை கடந்து முதுமலையிலும் பெருகியது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பத்துக் கிளை எழும்பும் குணம் இதற்கு. நம் சரக்கொன்றை சித்திரை வெயிலில் பூக்கும். பூச்சரம் தலைகீழாகத் தொங்கும். ஒரு இலையில் நாலு முதல் எட்டு இணைச் சிற்றிலைகள், ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம். சென்னா மழைக்காலத்தை ஒட்டிப் பூக்கும். பூங்கொத்து கிளை நுனியில் மேல்நோக்கி நிற்கும். சிற்றிலைகள் சிறியவை, பத்துக்கும் மேற்பட்ட இணைகள். மரம் வாங்கும்போது பூ இருக்காது, ஆகவே சிற்றிலையை எண்ணுவதுதான் வழி.

நெய்வேலிக் காட்டாமணக்கு என்று ஊர்ப் பெயரோடு அழைக்கப்படும் செடியும் ஒரு பூச்செடிதான். இளஞ்சிவப்புப் புனல் பூ, தென்னமெரிக்கப் பூர்வீகம். தண்டை ஒடித்துச் செருகினால் பிடித்துக்கொள்ளும், ஆடு மாடு தொடாது என்பதால் வேலிக்கு நட்டார்கள். அந்தத் தண்டு ஒடிந்து நீரில் விழுந்தாலும் மிதந்து போய் முளைக்கும். தமிழ்நாட்டு ஏரிக்கரைகளில் அது எவ்வளவு நீளம் பிடித்திருக்கிறது என்பதைப் பேருந்து சன்னலோரத்தில் உட்கார்ந்து போகிறவர்கள் அறிவார்கள். கோடையில் வேறு பச்சை இல்லாமல் இதைத் தொடர்ந்து தின்னும் ஆடுகளுக்கு நரம்பு பாதித்துத் தள்ளாட்டம் வரும்.

மலைத் தோட்டங்கள்

ஊட்டி, குன்னூர், கொடைக்கானலில் தோட்டம் போடுபவர்களுக்கு ஆபத்துப் பட்டியல் வேறு. 19-ஆம் நூற்றாண்டில் நீலகிரியில் பங்களா கட்டிய பிரிட்டிஷ்காரர்கள் சொந்த ஊர் நினைவாக ஸ்காட்ச் புரூம், கார்ஸ் என்ற இரண்டு மஞ்சள் பூப் புதர்களை வேலிக்கும் அழகுக்கும் கொண்டுவந்தார்கள். இரண்டும் அவரைக் குடும்பம். காய் வெயிலில் காய்ந்து வெடித்து விதையைச் சுண்டி எறியும். விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கும். கார்ஸ் முழுக்க முள். எண்ணெய்ப் பசை உள்ளதால் தீயும் சுலபமாகப் பற்றும். முக்கூர்த்தியிலும் மேல்பவானியிலும் புல்வெளிக்குள் இவை புகுந்து நிற்கின்றன. அந்தப் புல்வெளிதான் வரையாட்டின் வீடு, தோடர்களின் எருமைகளுக்கு மேய்ச்சல். மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து ஓடையாக விடுவதும் அந்தப் புல்தான். ஆரஞ்சுப் பூக்கொத்தோடு சோலை ஓரமெல்லாம் நிற்கும் செஸ்ட்ரமும், சதுப்பு நிலங்களில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும் ஆரம் லில்லியும் சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் பூக்கள். அவையும் பங்களாத் தோட்டத்திலிருந்து இறங்கிப் போனவைதான்.

காந்தள் தரும் பாடம்

ஊடுருவல் செடியின் பிறவிக் குணம் மட்டும் அல்ல, இடத்தையும் பொறுத்தது. தமிழ்நாட்டின் மாநிலப் பூ செங்காந்தள். மூலனூர், வேதாரண்யம் பக்கங்களில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் விதைக்காகப் பந்தல் போட்டுப் பயிரிடுகிறார்கள்; காட்டில் அது அருகிவரும் செடி. அதே காந்தள் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில், குயின்ஸ்லாந்து மணல்மேடுகளில், களை. தோட்டத்துக்கென்று வாங்கிப்போன கிழங்கு வேலி தாண்டி, கடற்கரைச் செடிகளை மூடிப் படர்கிறது. இங்கே காந்தள் இலையை மொட்டையடிக்க வெள்ளைப் புள்ளியும் செம்மஞ்சள் புள்ளியும் போட்ட ஒரு கறுப்புப் புழு உண்டு; பயிரிடுவோருக்கு அது தீராத தலைவலி. சொந்த ஊரில் ஒரு செடிக்கு இப்படிப் புழு, பூஞ்சை, போட்டிச் செடி என்று எதிரிகள் சூழ்ந்திருப்பார்கள். கப்பலில் போகும்போது செடி மட்டும் போகிறது, எதிரிகள் கரையிலேயே தங்கிவிடுகிறார்கள்.

போன செடி எல்லாமே இப்படி ஆவதில்லை. புதிதாக வந்தவற்றில் பத்தில் ஒன்று தோட்டத்துக்கு வெளியே முளைக்கும். அதில் பத்தில் ஒன்று நிலைத்துப் பெருகும். அதிலும் பத்தில் ஒன்றுதான் தீங்காக மாறும் என்று பிரிட்டனின் மார்க் வில்லியம்சன் ஒரு தோராயக் கணக்குச் சொன்னார். கேட்க நிம்மதியாக இருக்கும். ஆனால் தோட்டத்துக்கு வந்த செடிகள் ஆயிரக்கணக்கில். உலகில் வேற்று நிலத்தில் தானாக வாழத் தொடங்கிவிட்ட தாவர வகைகளில் நாலில் மூன்று, வீட்டுத் தோட்டங்களில் வளர்க்கப்படுபவை என்று 2018-இல் ஓர் ஆய்வு தொகுத்துக் காட்டியது. அதோடு காத்திருக்கும் குணமும் உண்டு. ஜெர்மனியின் பிராண்டன்பர்க் பகுதிக்கு வந்த அயல் மரங்களையும் புதர்களையும் ஆராய்ந்த இங்கோ கோவாரிக், அவை வந்து சேர்ந்ததற்கும் பரவத் தொடங்கியதற்கும் இடையே சராசரியாக 147 ஆண்டு இடைவெளி இருந்ததை 1995-இல் எழுதினார். ‘எங்க தாத்தா காலத்திலேர்ந்து இருக்கு, ஒண்ணும் பரவலையே’ என்ற பேச்சு எவ்வளவு நம்பத்தக்கது என்பதை இந்த எண்ணோடு வைத்துப் பார்க்கலாம்.

விதை பிடிக்காத ரகங்கள்

உண்ணிச்செடியிலும் விதையில்லா ரகங்கள் வந்துவிட்டன. ஃபுளோரிடாப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ரகங்கள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்துள்ளன. நல்ல முயற்சிதான். ஆனால் மலட்டு ரகம் என்ற சொல்லை அப்படியே நம்பிய ஒரு நாடு பட்ட பாடு நினைவில் இருக்க வேண்டும். பிராட்ஃபோர்ட் பேரி என்ற மரத்தை அமெரிக்க வேளாண் துறை 1960-களில் வெளியிட்டது. வசந்தத்தில் வெள்ளை மலையாகப் பூக்கும். தன் மகரந்தத்தால் தானே காய் பிடிக்காது. நகரமெல்லாம் நட்டார்கள். பிறகு அதே பேரியின் வேறு ரகங்களும் சந்தைக்கு வந்தன. ஒரு தெருவில் ஒரு ரகமும் அடுத்த தெருவில் இன்னொன்றும் இருந்தபோது தேனீக்கள் மகரந்தம் மாற்றிக் கொடுத்தன; காய் பிடித்தது; பறவை தின்றது; கைவிட்ட வயல்களில் முள்ளோடு பேரிக் காடு எழுந்தது. 2023-இல் ஓகையோவும் 2024-இல் பென்சில்வேனியாவும் தென் கரோலினாவும் அந்த மரத்தின் விற்பனையைத் தடை செய்தன. ஒரு ரகம் தனியாக இருக்கும்போது மலடாக இருப்பதும், பக்கத்து வீட்டுச் செடியோடு சேரும்போது மலடாக இருப்பதும் வேறு வேறு. உண்ணி நிறைந்த தமிழ்நாட்டில் மலட்டு உண்ணி நட வேண்டிய தேவையே இல்லை.

வாங்குமுன் விசாரிக்க வேண்டியவை

ஆஸ்திரேலியா 1997 முதல், நாட்டுக்குள் வரும் ஒவ்வொரு புதுத் தாவரத்தையும் 49 கேள்விகள் கொண்ட ஒரு தேர்வு வைத்து மதிப்பெண் போடுகிறது. அந்தக் கேள்விகளில் எடை மிகுந்தது ஒன்று: வேறு எங்காவது இந்தச் செடி களையாகியிருக்கிறதா? வீட்டில் தோட்டம் போடுபவருக்கும் இந்த ஒரு கேள்வி பெருமளவு வேலையை முடித்துக்கொடுத்துவிடும். செடியின் அறிவியல் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டு, கைப்பேசியில் தேடினால் சில நிமிட வேலை. இங்கே சாதுவாகத் தெரியும் மஞ்சள் டெக்கோமா தென்னாப்பிரிக்காவில் சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்ட களை. அதன் காயைப் பிளந்தால் இறகு வைத்த விதைகள் கத்தையாகக் காற்றில் கிளம்பும். மொட்டை அழுத்தினால் நீர் பீய்ச்சும் என்று பிள்ளைகள் விளையாடும் ஆப்பிரிக்கத் துலிப் மரமும் அந்த 100 பெயர்ப் பட்டியலில் இருக்கிறது.

அறிவியல் பெயரே தெரியவில்லை என்றால் வாங்காமல் இருப்பது நல்லது. தெரிந்தால், விதை எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். பறவை தின்னும் சிறு பழமா, காற்றில் பறக்கும் விதையா, நீரில் மிதக்கும் துண்டா? வீட்டுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். தியாகராய நகர் மாடியில் இருக்கும் ஒரு தொட்டியும், ஆனைகட்டியில் காட்டை ஒட்டிய மனையும் ஒன்றல்ல. காட்டோரமும் ஏரிக்கரையும் ஆற்றங்கரையும் உள்ள மனைகளில் சந்தேகம் வந்தால் அந்தச் செடியை விட்டுவிடுவதே சரி.

தமிழ்நாடு அரசு 2022-இல் ஊடுருவும் தாவரங்கள் குறித்துத் தனிக் கொள்கை வெளியிட்டது. உயர் நீதிமன்றமும் இந்த விஷயத்தில் தொடர்ந்து கேள்வி கேட்டு வந்திருக்கிறது. அகற்றும் வேலை காட்டுக்குள் நடக்கிறது. முதுமலையில் சென்னா மரங்களை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள். காட்டில் அகற்றுவதற்குக் காசு செலவாகும்போது ஊருக்குள் அதே வகைச் செடிகள் கவரில் வைத்து விற்கப்படுவது வருத்தமான முரண். நர்சரிச் சீட்டில் அறிவியல் பெயரையும் பூர்வீகத்தையும் கட்டாயம் எழுத வைத்தாலே நிலைமை கணிசமாக மாறும்.

பதிலுக்கு என்ன நடலாம்

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்கள் வருகின்றன என்பது தமிழ் வகுப்பில் எல்லாரும் படித்தது. அந்தச் செல்வத்தில் இன்றைய நர்சரிகளில் கிடைப்பவையே ஒரு மனைக்குப் போதும். உண்ணி வேலிக்குப் பதில் வெட்சி. கவாத்துச் செய்யச் செய்ய அடர்த்தியாகும், சிவப்புக் கொத்துக்கு வண்ணத்துப்பூச்சி வரும். செங்கல் துண்டு நிறைந்த வறண்ட மண்ணில் ஆவாரை. ஆடு கடிக்காத வேலிதான் வேண்டும் என்பவர்களுக்கு நொச்சியும் ஆடாதோடையும் எந்தக் காலத்திலும் உண்டு. கொசு விரட்டவும் கஷாயத்துக்கும் கூடவே உதவும். தரையை மூட நாட்டு மஞ்சள் கரிசாலையும் ஈர நிழலில் வல்லாரையும். பந்தலுக்கு முல்லை. இரவு வாசனைக்குப் பவளமல்லி. விடியலில் கோலத்துக்குப் பக்கத்திலேயே உதிர்ந்து கிடக்கும். தென்னிந்தியாவும் இலங்கையும் தாயகமான கனகாம்பரம் நிழலிலும் பூக்கும். நந்தியாவட்டைக்குச் சொல்லவே வேண்டாம். கோயில் தோட்டங்களில் நூற்றாண்டுகளாகச் சோதித்தாயிற்று. காந்தள் வைக்க ஆசைப்பட்டால் வைக்கலாம். ஆனால் கிழங்கு முதல் விதை வரை கடும் நஞ்சு என்பதால் சின்னக் குழந்தை உள்ள வீட்டில் வேண்டாம்.

ஏற்கெனவே வைத்திருந்தால்

வாங்கிய வீட்டிலோ கட்டிய மனையிலோ இந்தச் செடிகள் முன்பே இருக்கலாம். குற்ற உணர்வு தேவையில்லை. காய் பிடிக்கும் முன் எடுத்துவிடுவதே முதல் வேலை. உண்ணியைத் தரைக்கு மேலே வெட்டினால் அது கவாத்துத்தான், முன்னிலும் செழிப்பாக வரும். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர். பாபு கார்பெட் காட்டில் சோதித்துச் சொன்ன முறை எளிமையானது: மண்ணுக்குள் மூன்று நாலு சென்டிமீட்டர் ஆழத்தில், தண்டும் வேரும் சேரும் முடிச்சுக்குக் கீழே ஆணிவேரை வெட்டி, செடியைப் பெயர்த்துத் தலைகீழாகக் கவிழ்த்து உலர விட வேண்டும். துளிர்க்கும் கண்கள் அந்த முடிச்சில்தான் இருப்பதால் மண்ணில் மிஞ்சிய வேர் மறுபடி எழாது. அதன்பின் இரண்டு மூன்று ஆண்டு, ஒவ்வொரு மழைக்கும் பிறகு, விதையிலிருந்து வரும் கன்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும். ஈர மண்ணில் இரண்டு விரலுக்கு வந்துவிடும்.

வெடேலியாவை மண்வெட்டியால் கொத்தினால் ஒன்று நூறாகும். மண்ணை இளக்கி, கொடியைக் கணுக் கணுவாக உருவி, கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி மொட்டை மாடி வெயிலில் சில வாரம் போட்டால் வெந்து மக்கிவிடும். புறம்போக்கிலோ ஓடையிலோ கொட்டுவது செடியை நட்டுவிட்டு வருவதற்குச் சமம். ஆகாயத்தாமரையை நீரிலிருந்து தள்ளி, மேடான சிமெண்ட் தரையில் பரப்பிச் சருகாகும்வரை காய வைத்தபின் எருக்குழியில் சேர்க்கலாம். பூத்த செடி என்றால் எருக்குழியும் வேண்டாம். தொட்டியின் அடிச்சேற்றில் விதை இருக்கும். அதை வாய்க்காலில் கழுவி விடாமல், வெயில் படும் மல்லிகைப் பாத்தியில் மெல்லிதாகப் பரப்பிவிட்டால் போதும். நீர் தேங்காத மண்ணில் அந்த விதை முளைத்தாலும் பிழைக்காது.